இருபத்து மூன்று நசுங்கல்கள்

ஜனவரி 8

அன்புள்ள சின்னவளுக்கு,

இந்தக் கடிதத்தில் உள்ளவை:

1. எங்கள் நலம்.
2. நீ கேட்டதைச் சொல்ல நான் ஏற்ற ஆள் அல்ல என்பது.
3. வண்டியின் உடம்பைப் பார்த்தே பயிற்சிப் பள்ளியை எடைபோட்டுவிடலாம் என்பது.
4. சேருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்.
5. உன் அண்ணி சொல்லச் சொன்னது.

முதலாவது. இருவரும் சுகமாக இருக்கிறோம். என் இடது காது மட்டும் முழுதாக ஓய்வு பெற்றுவிட்டது. போனில் நீ லாரி என்றது எனக்கு வேறு ஏதோவாகக் கேட்டு, நான் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லி, நீ சிரித்தாய். அதனால்தான் எழுதச் சொன்னேன். மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? தையல் மெஷினில் ஒரேயடியாகக் குனிந்து உட்கார வேண்டாம் என்று சொல்.

இரண்டாவது. நாற்பத்து நான்கு வயதில் என் தங்கை லாரி ஓட்டப் பழகப் போகிறாள். எந்தப் பள்ளியில் சேரலாம் என்று என்னைக் கேட்கிறாள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் விபத்துப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்தேன். மோதிய லாரி, கவிழ்ந்த லாரி, பள்ளத்தில் இறங்கிய லாரி, எல்லாவற்றையும் காகிதத்தில் பார்த்தவன். உண்மையான லாரியின் படியில் கால் வைத்ததில்லை. ஆகவே நான் சொல்வது எல்லாமே தவறாகவும் இருக்கலாம்.

மூன்றாவது. ஆனாலும் ஒன்று எனக்குத் தெரியும். டிரைவர் பொய் சொல்லலாம், சாட்சி பொய் சொல்லலாம், வண்டியின் தகரம் பொய் சொல்லாது. விபத்தான வண்டியை நேரில் பார்த்து சர்வேயர் எழுதி அனுப்பும் ரிப்போர்ட்டில் நசுங்கல், கீறல் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்ப்பேன். கீறல் குறைந்த வண்டி, கவனமான கை. பயிற்சிப் பள்ளிக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்று நினைக்கிறேன். நம் வீட்டு சைக்கிளையே எடுத்துக்கொள். வாங்கி இருபத்தாறு வருஷம். ஒரு கீறல் கிடையாது.

நான்காவது. ஒரு வண்டிக்கு எத்தனை பேர்? ஒருவருக்கு ஸ்டியரிங் எவ்வளவு நேரம் கிடைக்கும்? பிடிக்காவிட்டால் விலக முடியுமா? இந்த மூன்றையும் கேட்காமல் சேரக் கூடாது.

ஐந்தாவது. அண்ணி சொன்னபடியே எழுதுகிறேன்: "நீங்க லிஸ்ட் போட்டு முடிக்கிறதுக்குள்ள அவ சொந்தமா லாரியே வாங்கிடுவா."

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அண்ணன்


ஜனவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். உங்க மாப்பிள்ளை முதுகுவலி தைலத்தோட குடித்தனம் நடத்துறார். உங்க காதுக்கு ஏதாவது பாருங்க. அண்ணி திட்டுறது கேக்கலைன்னு அப்படியே விட்டுட்டீங்களோன்னு சந்தேகமா இருக்கு.

கடிதத்துக்கு நம்பர் போடுற ஆள் உலகத்துல நீங்க ஒருத்தர்தான். வாசிச்சு வாசிச்சு சிரிச்சேன். ஆனா அண்ணா, விஷயம் சிரிப்பு இல்ல. பேக்டரி கேன்டீனை பிப்ரவரியோட மூடுறாங்க. பத்து வருஷமா அந்த கேன்டீன் வேனை ஓட்டிட்டு மூட்டை ஏத்தி இறக்கினவ நான். வேற வேலைக்குப் போனா எல்லாரும் என் வயசைத்தான் பாக்குறாங்க. சரக்குக் கம்பெனி மேனேஜர் மட்டும் மூஞ்சியப் பாத்துப் பேசினார். "கனரக லைசென்ஸோட வாங்க, வேலை தர்றேன். ஆனா நாப்பத்தஞ்சு முடிஞ்சா புதுசா எடுக்கிறதுக்கு எங்க ரூல் இடம் கொடுக்காது"ன்னார். எனக்கு செப்டம்பர்ல நாப்பத்தஞ்சு முடியுது. லைசென்ஸ் டெஸ்ட் ஜூலைல ஒண்ணு, அப்புறம் நவம்பர்லதான். அதனால எனக்கு இருக்கிறது ஒரே ஒரு டெஸ்ட். தப்பான இடத்துல சேந்து நாளைக் கழிச்சேன்னா அவ்வளவுதான்.

பயிற்சிப் பள்ளிங்க இருக்கிற ஊர் உங்க வீட்டுல இருந்து ரெண்டு மணி நேரம், எனக்கு ஒரு ராத்திரிப் பயணம். ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்களேன். அங்கே பொம்பளைங்க தங்குற விடுதி ஒண்ணு இருக்காம், அதுல ரூம் சொல்லிட்டேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். "இருக்கலாம்", "என்று தோன்றுகிறது" எல்லாம் வேண்டாம். இதுல சேருன்னு ஒரே ஒரு வரி. எனக்கு யாராவது ஒருத்தர் அப்படிச் சொல்லணும் போல இருக்கு.

அன்புத் தங்கை,
சின்னவள்

பி.கு. அந்த சைக்கிளை நீங்க ஓட்டி நான் பாத்ததே இல்லையே?


பிப்ரவரி 11

அன்புள்ள சின்னவளுக்கு,

இருவரும் நலம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததில் எனக்குக் கொஞ்சம் சளி. சைக்கிளை நான் ஓட்டியிருக்கிறேன். வாங்கிய அன்று, கடையிலிருந்து வீடு வரை.

இரண்டு புதன்கிழமைகள் அந்த ஊருக்குப் போய் வந்தேன். குடை, நோட்டுப் புத்தகம், அண்ணி கட்டித் தந்த ரொட்டி, இவற்றோடு. மூன்று பள்ளிகள் இருக்கின்றன. குழப்பம் வராமலிருக்க அ, ஆ, இ என்று குறித்திருக்கிறேன்.

'இ' பெட்ரோல் பங்குக்குப் பின்னால். அங்கே லாரி இருக்கிறது, அதற்குச் சக்கரம் இல்லை. மேலே எழுத ஒன்றுமில்லை.

'ஆ' ரயில் பாலத்துக்குக் கீழே. மஞ்சள் லாரி. எதிரில் ஒரு டீக்கடை பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். லாரி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் எண்ணினேன். பம்பரில் ஆறு, இடது பக்கம் ஒன்பது, வலது பக்கம் நான்கு, பின்னால் நான்கு. மொத்தம் இருபத்து மூன்று நசுங்கல்கள். கீறல்களை எண்ண முடியவில்லை. எது கீறல், எது பெயிண்ட் என்று பிரித்தறிய வழியில்லை. விபத்துப் பிரிவில் இந்த வண்டி வந்திருந்தால் நான் கோப்பை மூடிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருப்பேன். டீக்கடைக்காரர் என்னிடம், "என்ன சார், பேத்தியைச் சேக்கப் போறீங்களா?" என்றார். தங்கையை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்.

'அ' தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். வாசலில் பூச்செடி, காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன், நீல லாரி. சின்னவளே, அந்த லாரியில் ஒரு நசுங்கல் இல்லை. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறையும் பார்த்தேன். பூஜ்யம். அதன் கதவில் என் முகம் தெரிந்தது, குடையும் தெரிந்தது.

உள்ளே போய் நான்காவது குறிப்பிலிருந்த கேள்விகளைக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். இரண்டு வாசலிலும் நின்று பார்த்தேன். உள்ளே எல்லாரும் வேலையாக இருந்தார்கள். கிழவன் ஒருவன் நோட்டும் கையுமாகப் போய் விசாரித்தால் என்ன நினைப்பார்கள் என்று திரும்பிவிட்டேன். வாட்ச்மேன் கொடுத்த அச்சடித்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் ஒரு வரியை அடிக்கோடிட்டிருக்கிறேன், பார்: முதல் பத்து நாளுக்குள் பிடிக்காவிட்டால் கட்டணம் முழுதும் பெற்று விலகிக்கொள்ளலாம்.

நீ கேட்ட ஒரு வரி:

'அ' பள்ளியில் சேர்.

இப்படி எழுதி மூன்று தரம் பார்த்தேன். பின்னால் எதையும் சேர்க்கவில்லை. அண்ணி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அட, 'இருக்கலாம்' இல்லாம முடிச்சிருக்கீங்களே! உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்கிறாள்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

அண்ணன்


மார்ச் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் விடுதியும் சுகம். நாலாவது மாடி, ஜன்னல் வழியா பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் தெரியுது. என்கூட இருக்கிற பொண்ணு நர்ஸ். பகல்ல தூங்குது, அதனால நான் பூனை மாதிரி நடக்கப் பழகிட்டேன். உங்க சளி போச்சா?

திங்கக்கிழமை 'அ' பள்ளியில சேந்தாச்சு. நீங்க எழுதின மாதிரியேதான் இருக்கு. பூச்செடி, வாட்ச்மேன், எல்லாம். லாரி என்ன பளபளப்பு! காலைல வந்ததும் முதல் வேலை அதைத் துடைக்கிறதுதான். பதினாலு பேர் இருக்கோம், ஆளுக்கு ஒரு துணி. சாயங்காலம் மறுபடியும் ஒரு தடவை. கதவை மூடினா சத்தமே வராது, அவ்வளவு மெத்து.

நேத்து எனக்கு ஸ்டியரிங் கிடைச்சுது. பள்ளி இருக்கிற தெருவோட ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும். மத்த நேரம் பெஞ்சுல உக்காந்து மத்தவங்க ஓட்டுறதைப் பாக்கிறோம். பாக்கிறதும் ஒரு படிப்புதானே.

உங்க மாப்பிள்ளை எனக்கு ஒரு மெத்தை தைச்சுக் கொடுத்திருக்கார். பச்சைத் துணி, நாலு மூலையிலயும் சட்டைப் பித்தான். நான் குள்ளம் இல்லையா, அது இல்லைன்னா ரோடு தெரியாது. "இதுல உக்காந்து ஓட்டு, இடிச்சா என் பேரைச் சொல்லாதே"ன்னு சொல்லி அனுப்பினார்.

எல்லாம் நல்லபடியா போகுது அண்ணா. கவலைப்படாதீங்க.

சின்னவள்


மார்ச் 11

அன்புள்ள சின்னவளுக்கு,

சளி போய்விட்டது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அண்ணியிடம் நான் கொஞ்சம் தலைநிமிர்ந்து பேசுகிறேன் என்று அவள் சொல்கிறாள். "ஒரு யோசனை சொல்லி அது பலிச்சதும் மனுஷனுக்கு நடையே மாறிடுச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள்.

எழுபது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நான் யாருக்கும் எதையும் உறுதியாகச் சொன்னவனில்லை. ஆபீசில்கூட 'மேலதிகாரியின் பரிசீலனைக்கு' என்று எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன். முதல் தடவையாக ஒன்றைத் தீர்த்துச் சொன்னேன், அது சரியாக அமைந்துவிட்டது.

நேற்று சைக்கிளைப் போர்த்தியிருக்கும் துணியை எடுத்துவிட்டு எண்ணெய் போட்டேன். உங்கள் பதினாலு பேரையும் நினைத்துக்கொண்டேன்.

ஸ்டியரிங் இனிமேல் அதிக நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். ஆரம்பம்தானே. மாப்பிள்ளையின் மெத்தை நல்ல யோசனை.

மகிழ்ச்சியோடு,
அண்ணன்


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாசமா எழுதலை, கோவிச்சுக்காதீங்க. உடம்பெல்லாம் நல்லா இருக்கு, கைதான் வலி. ராத்திரி வந்தா பேனா பிடிக்க விரல் மடங்கலை. நர்ஸ் பொண்ணு பாத்துட்டு, "அக்கா, நீங்க லாரி ஓட்டுறீங்களா, தூக்கிட்டு நடக்குறீங்களா?"ன்னு கேட்டா.

தினம் மூணு மணி நேரம் ஸ்டியரிங் என் கையில, நம்புவீங்களா! ஏத்தம், இறக்கம், சந்தைத் தெரு, பைபாஸ், எல்லாம் போயிட்டேன். நேத்து மணல் மூட்டை ஏத்திட்டு ஓட்டினேன். பாரம் இருந்தா பிரேக் வேற மாதிரி பேசும் அண்ணா. எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவருக்கு நாங்க வெச்ச பேரு 'மெதுவா மாஸ்டர்'. எதுக்கும் மெதுவா, மெதுவான்னு சொல்வார். ஒருத்தன் கேட்டை இடிச்சுட்டு நிக்கிறான், இவர் டீயை ஆத்திக்கிட்டே, "சரி, இடிச்சாச்சு. இப்போ மெதுவா பின்னால எடு. எதனால இடிச்சேன்னு மட்டும் சொல்லு" அப்படிங்கிறார். மேல ரயில் போச்சுன்னா மட்டும் பேச்சை நிறுத்திட்டுக் காத்துக்கிட்டு இருப்பார். அந்த ஒரு நிமிஷம்தான் எங்களுக்கு ரெஸ்ட்.

இடது கதவைக் கயித்தால கட்டித்தான் மூடணும். அதுவும் பழகிடுச்சு.

ரிவர்ஸ்தான் இன்னும் வரலை. கண்ணாடியில பாக்கும்போது கை எதிர்ப்பக்கம் போகுது. அண்ணிக்கு என் அன்பு.

சின்னவள்


ஏப்ரல் 22

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். அண்ணி உன் கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள். உப்புப் போட்டு.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ரொம்பச் சந்தோஷம். ஒரு சிறு விவரம் மட்டும். விபத்துப் பிரிவில் இருந்தவனுக்கு இது பழக்கதோஷம், தப்பாக நினைக்காதே. மார்ச் 5 கடிதத்தில் கதவு மூடினால் சத்தமே வராது என்று எழுதியிருந்தாய். ஏப்ரல் 14 கடிதத்தில் அதே கதவுக்குக் கயிறு. ஆறு வாரத்துக்குள் ஒரு நல்ல கதவு அந்த நிலைக்கு வர என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். உனக்கு அடிகிடி ஏதும் படவில்லையே? அது ஒன்றுதான் எனக்கு முக்கியம்.

தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்திலிருந்து ரயில் பாதை தூரம் என்று நினைவு. என் நினைவு தவறாக இருக்கலாம். சத்தம் காற்றில் வருமாயிருக்கும்.

அண்ணி, "சந்தேகத்தை வெச்சுக்கிட்டு ஏன் சுத்துறீங்க, நேராக் கேளுங்களேன்" என்கிறாள். கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

அண்ணன்


மே 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

அடியெல்லாம் ஒண்ணும் இல்லை. நல்லா சாப்பிடுறேன், நல்லா தூங்குறேன். வண்டின்னா கதவு அப்பப்போ மக்கர் பண்ணத்தான் செய்யும், அதைப் போய் தேதி போட்டு வெச்சிருக்கீங்களே! உங்ககிட்ட பொய்க் கணக்கு எழுதினவனெல்லாம் என்ன பாடுபட்டிருப்பான்.

இங்கே ஒரு தூண் எனக்குப் பரம எதிரி ஆயிடுச்சு. எவ்வளவு தள்ளி எடுத்தாலும் அது நகந்து வந்து நிக்குது. மாஸ்டர்கிட்ட சொன்னேன். "தூண் ரொம்ப வருஷமா இங்கேதான் இருக்கும்மா, நீ மெதுவா வா"ன்னார்.

டெஸ்ட் ஜூலை இருபது. சில நாள் சாயங்காலம் விரல் விட்டு மிச்ச நாளை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன். ரிவர்ஸ் வரலைன்னா வேலை இல்லை. உங்க மாப்பிள்ளை முதுகை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் தைப்பார்? ஆனா காலைல அந்த மெத்தையப் போட்டு மேல ஏறி உக்காந்ததும் பயம் இறங்கிப் போயிடுது. அவ்வளவு உசரத்துல இருந்து ரோட்டைப் பாத்திருக்கீங்களா அண்ணா? நல்லா இருக்கு.

சின்னவள்


ஜூன் 13

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே அனைவரும் நலம். மழை ஒரு நாள் வந்தது.

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். நல்ல நைலான் கயிறு, இரண்டு மீட்டர். கடைக்காரரிடம் இருந்ததிலேயே தடிமனானது. எதற்காவது உதவும்.

டெஸ்ட் அன்று காலையில் நான் உன்னை நினைத்துக்கொண்டிருப்பேன். வேறு விசேஷமில்லை.

அண்ணன்


ஜூலை 22

அன்புள்ள அண்ணாவுக்கு, அண்ணிக்கு,

பாஸ்!

முதல் வரியிலயே எழுதிட்டேன், இனிமே நலம் விசாரிக்கிறேன். எப்படி இருக்கீங்க? நான் எப்படி இருக்கேன்னா, லைசென்ஸைத் தலையணைக்கு அடியில வெச்சுட்டுத் தூங்குறேன். நர்ஸ் பொண்ணு ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிட்டா. சரக்குக் கம்பெனி மேனேஜருக்குப் போன்ல மெத்தை விஷயத்தையும் சொன்னேன், அவர், "ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி வந்துடுங்க, மெத்தையக் கொண்டு வாங்க, எங்க சீட்டும் பள்ளம்தான்"னார்.

ரிவர்ஸ்ல ஒரே தடவைல உள்ளே எடுத்தேன். இன்ஸ்பெக்டர் இறங்கிப் போய் பின்னால இடைவெளியக் காலால அளந்து பாத்தார். தாள்ல டிக் போட்டார்.

இப்போ ஒரு விஷயம். உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். கயிறு வந்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் என் வாயால சொல்லணும்.

'அ' பள்ளியில எட்டு நாள்தான் இருந்தேன். அந்த லாரி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வெளியே போகும். பதினாலு பேரும் ஆளுக்கு ஒரு தெரு. மிச்ச நேரம் துடைக்கிறது. எட்டாவது நாள் கணக்குப் போட்டேன். ஜூலைக்குள்ள மொத்தமா எனக்கு அஞ்சு மணி நேரம்கூட ஸ்டியரிங் கிடைக்காது. அப்போ நீங்க அடிக்கோடு போட்ட வரி ஞாபகம் வந்துச்சு. பத்து நாளுக்குள்ள விலகலாம். அந்தத் தாளைக் காட்டித்தான் விலகினேன். நேரா நடந்து பாலத்துக்கு அடியில 'ஆ' பள்ளிக்குப் போய், "ஒரு வண்டிக்கு எத்தனை பேர்?"னு கேட்டேன். "அஞ்சு"ன்னார் மெதுவா மாஸ்டர்.

அந்த வாரமே ஒரு ராத்திரி உங்களுக்கு எழுத உக்காந்தேன். அப்போதான் உங்க மார்ச் பதினொண்ணு கடிதம் வந்து கிடந்தது. தலை நிமிந்து பேசுறேன்னு எழுதியிருந்தீங்க. வாழ்க்கையில முதல் தடவையா ஒண்ணைத் தீர்த்துச் சொன்னேன், சரியா அமைஞ்சுதுன்னு. அதை எப்படி அண்ணா நான் திருப்பி அனுப்புவேன்? எழுதினதைக் கிழிச்சுப் போட்டேன். ஒரு மாசம் எழுதாததுக்குக் காரணம் கைவலி மட்டும் இல்லை.

கோவமா? கோவம்னா நம்பர் போட்டுத் திட்டி எழுதுங்க.

சின்னவள்


ஜூலை 30

அன்புள்ள சின்னவளுக்கு,

நானும் அண்ணியும் நலத்துக்கு மேலே இருக்கிறோம். உன் கடிதத்தின் முதல் வரியை அண்ணி சத்தமாகப் படித்தாள். என் வலது காதுக்கும், வழக்கம்போல் பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. மாப்பிள்ளைக்கு ஒரு தனிக் கடிதம் எழுதுகிறேன், அந்த மெத்தைக்காக.

கோபம் எதற்கு? நானும் ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன்.

ஜூன் மாதம் இரண்டாவது புதன்கிழமை மறுபடியும் அந்த ஊருக்கு வந்தேன். முதலில் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். நீல லாரி நின்றுகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நீ இல்லை. பிறகு பாலத்தடிக்கு நடந்தேன். டீக்கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். "பேத்தி சேந்தாச்சா சார்?" என்றார். இந்தத் தடவை சொல்லிவிட்டேன்: "பேத்தி இல்லை, தங்கை." அவர், "அந்தக் குள்ள அக்காவா? பச்சை மெத்தையோட வர்றவங்களா? அட, அவங்க ஹாரன் அடிச்சா நான் டீ போட ஆரம்பிச்சுடுவேனே" என்றார்.

அப்புறம் நான் செய்ததை நானே நம்பவில்லை. உள்ளே போனேன்.

மாஸ்டர் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தார். லாரி நின்றிருந்தது. நீயும் மற்றவர்களும் சாப்பிடப் போயிருந்தீர்கள். நான் யார் என்று சொல்லவில்லை. வண்டியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "மெதுவா பாருங்க" என்றார். சுற்றி வந்து எண்ணினேன். இருபத்தெட்டு. பிப்ரவரியைவிட ஐந்து அதிகம். சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டு எழுந்து வந்தார். "அஞ்சா? சரியா எண்ணியிருக்கீங்க. இது கேட்டை இடிச்ச தம்பி. இது ரெண்டும் ஒரே ஆளு, ஒரே நாள். இது நான், சொல்லிக் கொடுத்துக்கிட்டே பாக்காம இடிச்சேன். இது அந்த அக்கா, அதோ அந்தத் தூண்ல" என்று காட்டினார். பின்பக்கம் வலது மூலை. உள்ளங்கை அகலம் இருந்தது. "இடிச்சு முடிச்சதும் இறங்கி வந்து தூணைத் தடவிப் பாத்தாங்க சார், அதுக்கு வலிச்சுதான்னு பாக்கிற மாதிரி. அதுக்கப்புறம் வண்டிக்கும் தூணுக்கும் ஒரு சாண் இடைவெளி விடாம அவங்க எடுத்ததே இல்லை."

"இத்தனை நசுங்கலா என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் பயப்பட மாட்டார்களா?" என்று கேட்டேன்.

"பயப்படுவாங்க. வெளியில இருந்தே பாத்துட்டுப் போயிடுவாங்க" என்றார்.

அந்த நேரத்தில் மேலே ரயில் வந்தது. இருவரும் பேசாமல் நின்றோம். நீ எழுதியிருந்த அந்த ஒரு நிமிஷம்.

பிறகு நீங்கள் எல்லாரும் திரும்பி வரும் பேச்சுக் குரல் கேட்டது. என்னைப் பார்த்தால் நீ சங்கடப்படுவாய் என்று வெளியே வந்து டீக்கடைப் பெஞ்சில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயிலுக்கு என்று நினைத்திருப்பார்கள். நீ மெத்தையை மேலே போட்டாய், ஏறினாய், இடது கதவைக் கயிறு கட்டி மூடினாய். நைந்த கயிறு. அத்தனை பெரிய வண்டி உன் கைக்கு அடங்கி, வளைந்து, சந்தைத் தெருப் பக்கம் போனதை நான் பார்த்தேன். முப்பத்து நான்கு வருஷம் லாரிகளைப் பற்றிப் படித்தவன், அன்றைக்குத்தான் ஒரு லாரி போவதைப் பார்த்தேன். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டில் கயிறு வாங்கினேன்.

பஸ்ஸில் வரும்போது ஆபீஸ் ஞாபகம். எத்தனை டிரைவர்களின் கோப்பில், 'வண்டியில் பழைய நசுங்கல்கள் அதிகம், கவனத்துக்குரியது' என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். அவர்களில் பாதிப் பேராவது என்னைவிட அதிகம் தெரிந்தவர்களாக இருந்திருப்பார்கள். அதற்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை, உன்னிடம் சொல்லிவைக்கிறேன்.

நேற்று உனக்கு எழுதத் தபால்தலை வாங்க வேண்டியிருந்தது. சைக்கிளின் துணியை எடுத்தேன். அண்ணி வாசலுக்கு ஓடி வந்து, "ஐயோ, எழுபது வயசுல என்னங்க இது, அதுக்கும் பயிற்சிப் பள்ளி இருக்கான்னு பாத்துட்டுப் போங்க!" என்று கத்தினாள். இடது காதுப் பக்கம் நின்று கத்தியதால் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது நம் வீட்டுக் கேட் தூண் நகர்ந்து வந்து நின்றது. முன் மட்கார்டில் ஒரு நசுங்கல், ஹாண்டில் பாரில் ஒரு கீறல். எனக்கு ஒன்றுமில்லை. இறங்கித் தூணைத் தடவிப் பார்த்தேன்.

முதல் தேதி காலையில் கவனமாகப் போ. மெதுவாக என்று சொல்ல உனக்கு ஏற்கெனவே ஆள் இருந்தார்.

ஜனவரி 8 கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது குறிப்பு, நான் ஏற்ற ஆள் அல்ல என்பது, சரி. நான்காவது சரி, கேட்டவள் நீ, நான் கேட்கவில்லை. ஐந்தாவது, அண்ணி சொன்னது, எப்போதும்போல் சரி.

மூன்றாவது, வண்டியின் உடம்பைப் பார்த்து எடைபோடுவது, தவறு.

அண்ணன்